கீழ் இலையில் மஞ்சள் கோடு

சுண்டெலி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அம்மாதான். நர்சரியில் எந்தச் செடிக்கு அடியிலாவது புகுந்துகொண்டே இருப்பாள்.

அன்று காலை அம்மா அவசரத்தில் இருந்தாள். இருநிற ரோஜாச் செடியிலிருந்து துளிர் விடும் கண்களைச் சீவி எடுத்து, காட்டு ரோஜாச் செடிகளின் தண்டுகளில் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சித்தி புதிதாகப் போடும் தோட்டத்துக்கு அந்த ரோஜாதான் வேண்டுமாம். சீவிய கண் காய்வதற்குள் நாடா சுற்றியாக வேண்டும். நாடாவை வெட்டித் தருவது சுண்டெலியின் வேலை.

நாடாச் சுருள் கைதவறி உருண்டது. எடுக்க அந்த இருநிற ரோஜாச் செடிக்கு அடியில் நுழைந்தவள் திகைத்துப்போனாள். மேலே எல்லா இலையும் பச்சைப்பசேல் என்று இருந்தது. அடியில் இருந்த பழைய இலைகளில் மட்டும் மஞ்சள் கோடுகள் மின்னல் மாதிரி வளைந்து ஓடின.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா நிமிரவே இல்லை. சத்துக் குறைவாக இருக்கும், உரம் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கையை மட்டும் நீட்டினாள்.

சுண்டெலி சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நாடாவைக் குடு. கண்ணு காயுது."

"தர மாட்டேன்மா."

அம்மாவின் முகம் சிவந்தது. சுண்டெலி ஓர் அடி பின்வாங்கினாள். ஆனாலும் சுருளை விடவில்லை.

"சத்துக் குறைஞ்சா இப்படிக் கோடு கோடாவா வரும்? ஒரே ஒரு தடவை குனிஞ்சு பாரும்மா. அப்புறம் தர்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே குனிந்த அம்மா, வெகுநேரம் எழவில்லை. பிறகு கத்தியை மெல்லக் கீழே வைத்தாள்.

"வைரஸ்டி. இதுக்கு மருந்தே கிடையாது. கண்ணு எடுத்து ஒட்டினா, ஒட்டின செடிக்கெல்லாம் வந்துடும். வெயில் காலம் வந்ததும் புது இலையில கோடு தெரியல. நான் மேலயே பாத்துட்டு இருந்துட்டேன்."

கட்டி முடித்திருந்த செடிகளை அம்மாவே ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சுண்டெலி இருநிற ரோஜாவின் பக்கம் திரும்பினாள். பெரிய செடியையும் பிடுங்கிவிடுவாயா என்று கேட்டாள்.

"வேண்டாம். இது காத்துல பரவாது. பூத்துட்டுப் போகட்டும். இதுலேருந்து கண்ணும் குச்சியும் மட்டும் எடுக்கக் கூடாது."

சித்திக்கு யார் சொல்வது? சுண்டெலியே போன் செய்தாள். சித்தி முழுவதையும் கேட்டாள். பிறகு, செடி நோயோடு வந்திருந்தால் என் தோட்டத்தில் நின்று அழுதிருப்பேன், வேறு ரோஜா கொடுங்கள் என்றாள்.

அம்மா ஒரு மஞ்சள் ரோஜாவின் முன்னால் போய் நின்றாள். குனிந்து கீழ் இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அப்படியும் கத்தியை எடுக்கவில்லை.

"சுண்டெலி, கொஞ்சம் உள்ளே நுழைஞ்சு பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் கண்ணு எடுப்பேன்."