படகில் முதுகு காட்டியவன்

கைரேகை நிபுணர் ஓய்வு பெற்றபின் அந்த மலையூருக்கு வந்தது நாலு நாள் நிம்மதியாக இருக்கத்தான். ஆனால் அவர் வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை. காலைக் காபி ஆறுமுன் விடுதியின் பக்கத்து அறைக்காரர் உள்ளே நுழைந்து ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். வைத்த கையின் மணிக்கட்டில் ஊதா மை அழிந்தும் அழியாமலும் இருந்தது.

“நீங்க போலீஸ்ல இருந்தவர்னு மேனேஜர் சொன்னாரு. இந்த ஆள் யாருன்னு கண்டுபிடிங்க சார். இல்லேன்னா ஒரு மணி பஸ்ல என் சம்சாரத்தை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அந்த ஊர் ஏரியின் படகுத்துறைப் புகைப்படக்காரர்கள் கேட்காமலே எல்லாரையும் எடுத்து, மறுநாள் விடுதிகளில் பலகையில் குத்தி வைப்பார்கள். பிடித்தவர் வாங்கிக்கொள்ளலாம். இவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் முதல் ஆளாக வாங்கியிருந்தார்.

படத்தில் ஒரு படகு கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. தூறலுக்குத் துறையில் கொடுக்கும் மஞ்சள் மழைக்கோட்டோடு ஓர் ஆணும் பெண்ணும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுகளில் 23, 24 என்று பெரிய எண்கள். அவள் அவன் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை, உச்சந்தலை வழுக்கை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“இது என் சம்சாரம்தான். நேத்து காலையில நாங்க போட்டிங் போனோம், சரி. ஆனா என்கூட இருந்தப்ப அவ இப்படிச் சிரிக்கவே இல்ல. மத்தியானம் நான் தலைவலின்னு படுத்திருந்தேன். கடைக்குப் போறேன்னு ரெண்டு மணி நேரம் காணாமப் போனா. வெறுங்கையோட வந்தா!”

சொல்லும்போதே தம் அடர்ந்த முன்முடியைக் கோதிக்கொண்டார். பிறகு அவர் பார்வை, காபியோடு நின்ற நிபுணரின் மைத்துனர் தலைமேல் போய் நிலைத்தது. மைத்துனருக்கு அங்கே மருந்துக்கும் முடியில்லை.

“அய்யய்யோ, நான் நேத்து முழுக்க அத்தான்கூடத்தான் இருந்தேன்!” என்று அவர் அலறினார். “அத்தான், இந்த லாட்ஜ்ல எத்தனை வழுக்கைன்னு எண்ணிட்டு வரட்டுமா?”

“உட்காருப்பா” என்றார் நிபுணர். வந்தவரிடம், “காலையில படகுல அவங்க எப்படி இருந்தாங்க?” என்று கேட்டார்.

“அதை எங்க பாத்தேன்? பக்கத்துப் படகுல ஒருத்தன் இவளையே முறைச்சுட்டு இருந்தான். கிளம்பினதுல இருந்து கரை சேர்ற வரைக்கும் நான் அவன்மேல இருந்து கண்ணை எடுக்கல.”

நிபுணர் பெருமூச்சு விட்டார். “உங்க வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்க.”

அவள் வந்து நின்றாள். அழுத கண்கள், அழுத்தமான வாய்.

“அம்மா, ரெண்டு கையையும் காட்டுங்க. ஐயா, நீங்களும்” என்றார் நிபுணர். “கோட்டைக் கொண்டு ஓடிடுறாங்கன்னு, படகு ஏறுற ஒவ்வொரு தடவையும் கோட்டு நம்பரை மணிக்கட்டுல குத்தி அனுப்புறாங்க. அந்த மை மூணு நாள் போகாது. முந்தாநாள் குத்தினது என் கையில இன்னும் இருக்கு, பாருங்க. மத்தியானம் இவங்க மறுபடி படகு ஏறியிருந்தா ரெண்டு முத்திரை இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு, இருபத்துநாலு. அப்ப இது காலையில எடுத்த படம். இருபத்துமூணு யார் கையில இருக்கு?”

கணவர் தம் மணிக்கட்டைப் பார்த்தார். “ஆனா சார்... அந்த வழுக்கை?”

மைத்துனர் துள்ளி எழுந்தார். சவரக் கண்ணாடியைக் கணவரின் பின்னந்தலைக்குப் பிடித்து, அலமாரிக் கண்ணாடி முன் நிறுத்தினார். “வாங்க, நம்ம கூட்டத்துக்கு!”

மனிதர் வெகுநேரம் பார்த்தார். தம்மைக் கண்டே வயிறெரிந்த வெட்கம் கழுத்துவரை ஏறியது.

“எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்” என்றாள் மனைவி. “மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல.”

“அவங்க உங்களைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. நீங்கதான் பார்க்கல” என்றார் நிபுணர்.

கணவர் மெல்லக் கேட்டார். “அப்ப அந்த ரெண்டு மணி நேரம்?”

“பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். எங்க ஊர் பஸ் நாலு போச்சு.”

“ஏறலையே!” அவர் குரலில் நம்பிக்கை துளிர்த்தது. “என்னை நெனச்சுத்தானே?”

“பெட்டி ரூம்ல இருந்துச்சு.”

மைத்துனர் சவரக் கண்ணாடியை மெல்ல மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஒரு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. நீங்க என்னை அனுப்ப வேண்டாம், நானே போய்க்குவேன். இருக்கச் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”

நிபுணர் மைத்துனரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, தம் அறைக் கதவைத் தாமே சாத்தினார்.