பவளத்தோடு மூன்று சுற்று

“ஏழாம் நம்பர்... பவளம். நடுக்குதிரைப் பிரிவு. மேனி பளபளன்னு இருக்கு, கண்ணு தெளிவா இருக்கு. ஆனா...”

அல்லியின் அந்த ‘ஆனா’ ஒலிபெருக்கி வழியே கருக்களாச்சேரி கடற்கரை வரைக்கும் போனது. வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் கையை நிறுத்தியது.

“...இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்குது. ஒவ்வொரு அடிக்கும் தலை ஆடுது. கால்ல நோவு இருக்கும் போல. இன்னைக்கு ஓடாம இருக்கறது நல்லது.”

கயிற்று வட்டத்துக்குள் குதிரையை நடத்திக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். அல்லியும் பார்த்தாள். இவ்வளவு கோபத்தில் இருக்கிறவனுக்கு இவ்வளவு அழகான கண்கள் எதற்கு... நல்லவேளை, அதை மைக்கில் சொல்லவில்லை.

“என் குதிரை நொண்டி இல்லைங்க.”

“அப்ப ஏன் தலையை ஆட்டுது?”

அவன் வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்து வட்டத்தை விட்டு வெளியே அழைத்துப் போய்விட்டான். பவளத்தின் பெயரை விழாக் குழு பந்தயத்திலிருந்து நீக்கியது.

காணும் பொங்கல் குதிரை வண்டிப் பந்தயத்தில் அது அந்த ஊர் வழக்கம். வண்டியில் பூட்டுவதற்கு முன் குதிரைகளைக் கயிற்று வட்டத்துக்குள் எல்லோரும் பார்க்க நடத்திக் காட்ட வேண்டும். ஒருவர் மைக் பிடித்து, கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். சொன்னது தப்பென்றால், சொன்னவரே அந்தக் குதிரையைக் கையில் பிடித்து மூன்று சுற்று நடத்தித் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லி மைக் பிடித்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

காரைக்காலில் ஒரு பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர். எந்தப் பிள்ளை எந்தக் காலை எப்படி ஊன்றி ஓடுகிறது என்று பார்த்துப் பழகிய கண். போன வருஷம் ஒரு குதிரை நடக்கும்போதே சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னாள். மைக்கில் சொன்னதுகூடப் பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அது நடுரோட்டில் விழுந்தது, வண்டியோடு. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

பந்தயமும் முன்போல் இல்லை. ஓடுவதற்கென்றே வளர்த்த குதிரைகள் குறைந்துவிட்டன. கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து களைத்த குதிரைகூட எண் குத்திக்கொண்டு வந்து நிற்கிறது. வருகிற குதிரையின் தரம் குறையக் குறைய, பார்த்துச் சொல்ல ஆள் கட்டாயம் வேண்டும் என்பது அல்லியின் கட்சி. விழாக் குழுத் தலைவர் பஞ்சநாதனின் கட்சி வேறு.

“வர்ணனைன்னா புயல் வருது, மின்னல் வருதுன்னு சொல்லணும்மா. நீ நோவு, சளின்னு ஆஸ்பத்திரி மாதிரி பேசுறே” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். “இந்த வருஷம் ஒரு தப்பு வந்தாலும் மைக்கை வாங்கிடுவேன். அடுத்த வருஷத்துலேர்ந்து பாட்டு மட்டும்தான்.”

தப்பு வராது என்றுதான் அல்லி நினைத்திருந்தாள்.

தையில் மழை பெய்யக் கூடாதென்று யாரும் கடலுக்குச் சொல்லி வைக்கவில்லை. முதலில் நடந்த பெரிய குதிரைப் பந்தயம் முடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. கூட்டம் சிதறி ஓடியது. அல்லி துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்தபடி சாலையோரப் பேருந்து நிழற்குடைக்குள் ஓடிப் புகுந்தாள். புகுந்த பிறகுதான் பார்த்தாள்... பாதி நிழற்குடையைப் பவளம் பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் அவன்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். மழை விடவில்லை.

“உள்ள தள்ளி வாங்க டீச்சர். கடிக்காது. நொண்டிதானே, துரத்தவும் முடியாது.”

“டீச்சர்னு யார் சொன்னா?”

“கழுத்துல விசில் தொங்குது. பார்வையே ‘வரிசையில நில்லு’ன்னு சொல்லுது.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கொஞ்சம் சிரித்துவிட்டாள். அவன் இமையிலிருந்து மழைத்துளி ஒன்று விழாமல் நின்றுகொண்டிருந்தது. அதை ஏன் பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டே பார்த்தாள்.

“பேரு?”

“பவளம்.”

“உங்க பேரைக் கேட்டேன்.”

“பாலகுரு. பூவத்துல வீடு. எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்குங்க... மைக்ல சொல்றதா இருந்தா.”

அப்போது அவன் செல்போன் அடித்தது. எடுத்தான். அவன் முகத்திலிருந்த விளையாட்டெல்லாம் போனது. “இல்ல பாய்... யார் சொன்னா... சரிங்க பாய், உங்க இஷ்டம்” என்று வைத்துவிட்டான்.

“யாரு?” என்றாள் அல்லி, தயங்கி.

“ஜவஹர் அலி பாய். நாளன்னைக்கு அவங்க வீட்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பவளம் போறதா இருந்துச்சு. நொண்டிக் குதிரை வேணாமாம். ஊரெல்லாம் கேட்டுருக்குதுங்க உங்க குரல்.”

அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் கண்டதைத்தானே சொன்னேன், தலை ஆடியது உண்மைதானே...

மைதானத்து ஒலிபெருக்கி மறுபடி உயிர் பெற்றது. தவில் அதிரும் ஒரு பாட்டு. பவளத்தின் காதுகள் நிமிர்ந்தன. இடது முன்னங்கால் மெல்ல உயர்ந்தது, இறங்கியது. தலை கூடவே ஆடியது. அடிக்கு ஓர் ஆட்டம். காலையில் பார்த்த அதே ஆட்டம்.

கரண்ட் போனது. பாட்டு நின்றது. கால் தரையில் அழுத்தமாக ஊன்றியது, தலை அசையவில்லை.

கரண்ட் வந்தது. பாட்டு வந்தது. பவளம் மறுபடி காலைத் தூக்கியது.

அல்லிக்கு முகமெல்லாம் சூடானது. காலையில் அவள் பேசும்போதும் இதே மாதிரி ஒரு பாட்டு பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“இது... ஆடுது.”

பாலகுரு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏங்க, இது ஆடுற குதிரையா?”

“கல்யாண ஊர்வலத்துக்குப் பழக்கினது. தவில் சத்தம் கேட்டா கால் நிக்காது.”

“இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே.”

“எப்படிங்க சொல்றது? சுத்தி நிக்கிறவங்கள்லாம் பந்தயக்காரங்க. நொண்டின்னா பரிதாபப்படுவாங்க. ஊர்வலத்துல ஆடுறதுன்னா சிரிப்பாங்க.” குரல் தழைந்தது. “விடியக்காலையில வண்டி பூட்டி பீச் ரோட்டுல விட்டா அது ஓடுற ஓட்டத்தை நீங்க பாக்கணும் டீச்சர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் பாக்க ஓடட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.”

கோபக்காரன் என்று நினைத்தவனின் குரல் இப்படி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“நான் போய்ச் சொல்லிடறேன். என் தப்புதான்.”

“வேணாங்க. தலைவர் உங்க மைக்கை வாங்கிடுவாரு. காலையில அவர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. எனக்கும் அங்க போய் எல்லார் சிரிப்புக்கும் ஆளாக முடியாது.”

“தப்புன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தா, நாளைக்கு நெசமாவே ஒரு குதிரைக்கு நோவுன்னு நான் சொல்லும்போது யாருங்க நம்புவா?”

மழை தூறலாகக் குறைந்திருந்தது. அல்லி விசிலை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

“ஆடுற குதிரைன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க விஷயம். ஆனா நோவு இல்லைன்னு சொல்லித்தான் ஆகணும். மூணு சுத்து நடக்கக் குதிரை வேணும்... உங்களுக்கு மனசு வந்தா கூட்டிட்டு வாங்க.”

சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். பார்த்துவிட்டாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பஞ்சநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். “யாரும் புகார் சொல்லலியேம்மா. எதுக்கு நீயா வந்து மாட்டிக்கிறே?”

“தப்பு தப்புதானே மாமா.”

“அப்புறம் மைக் கிடையாது, சொல்லிட்டேன்.”

“கடைசியா ஒரு தடவை குடுங்க.”

கொடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். ஏழாம் நம்பர் பவளத்துக்குக் கால்ல நோவுன்னு காலையில சொன்னேன். அது தப்பு. அந்தக் குதிரைக்கு ஒரு நோவும் இல்ல. வழக்கப்படி நான் மூணு சுத்து நடக்கணும். குதிரைக்காரர்... மனசு வச்சு வரணும்.”

மேடையை விட்டு இறங்கிக் காலி வட்டத்தின் நடுவில் நின்றாள். தூறலில் திரும்பி வந்திருந்த கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். யாரும் வரவில்லை. தூறல் கன்னத்தில் வழிந்தது. வர மாட்டான், எதற்கு வருவான், அவன் மானத்தை வாங்கியவள் கூப்பிட்டால்...

குளம்படி கேட்டது.

கூட்டம் விலகி வழிவிட்டது. பாலகுரு அவளிடம் வந்து கயிற்றை நீட்டினான். வாங்கும்போது விரல்கள் பட்டுக்கொண்டன. இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி நடித்தார்கள்.

“இடது பக்கமா நில்லுங்க. பயப்படாதீங்க, அதுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

சொல்லிவிட்டு நேராக மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினான்.

“நான் பாலகுரு. டீச்சர் பாதிதான் சொன்னாங்க, மீதியை நான் சொல்றேன். இது கல்யாண ஊர்வலத்துல ஆடுற குதிரைங்க. தலை ஆடுனது நெசம், அதை அவங்க சரியாத்தான் பாத்தாங்க. பாட்டைப் போடுங்க, உங்களுக்கே தெரியும்.”

பாட்டு வந்தது. அல்லியின் கையில் பவளம் ஆடிக்கொண்டே முதல் சுற்று வந்தது. கூட்டம் சிரித்தது. அவன் தலை குனியவில்லை. இரண்டாவது சுற்றில் சிரிப்பு கைதட்டலானது. “இப்ப நிறுத்துங்க” என்றான். பாட்டு நின்றது. மூன்றாவது சுற்றில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. நாலு காலும் ஒரே சீராக, நேராக ஊன்றி நடந்தன.

“ஓட விடுங்கப்பா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “பாட்டை நிறுத்திட்டு விடுங்க” என்று இன்னொன்று. பஞ்சநாதன் கூட்டத்தைப் பார்த்தார், அல்லியைப் பார்த்தார். பாட்டுப்பெட்டிக்காரரிடம் போய்க் காதோடு என்னவோ சொன்னார்.

அன்று நடுக்குதிரைப் பந்தயம் பாட்டில்லாமல் நடந்தது. ஈரச் சாலையில் சக்கரங்கள் உருளும் ஓசை, குளம்போசை, நடுவில் அல்லியின் குரல். புயல் என்று சொல்லவில்லை, மின்னல் என்று சொல்லவில்லை. எந்தக் குதிரை மூச்சு வாங்குகிறது, எது இன்னும் தெம்பு வைத்திருக்கிறது என்று சொன்னாள். ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். பவளம் மூன்றாவதாக வந்தது. ஜெயித்த குதிரைக்காக எல்லையில் தவில் முழங்க, மூன்றாவதாக வந்த பவளம் வண்டியோடு நின்று ஆடத் தொடங்கியது. அதை யாரோ செல்போனில் ஜவஹர் அலி பாய்க்கு அனுப்பினார்கள். சற்று நேரத்தில் பாலகுருவின் போன் அடித்தது. மலர்ந்த அவன் முகத்தைப் பார்த்தே, ஊர்வலம் மறுபடி பவளத்துக்குத்தான் என்று அல்லிக்குப் புரிந்துவிட்டது.

“அடுத்த வருஷமும் நீயே பேசும்மா அல்லி” என்றார் பஞ்சநாதன், எங்கேயோ பார்த்துக்கொண்டு. “நடுவுல ஒரே ஒரு புயலாவது சேத்துக்க.”

மாலையில் மறுபடி மழை. மைக்செட்டுக்காரர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இணைப்பில்லாத மைக் ஒன்று மட்டும் மேடையில் கிடந்தது. கூரைத் தகரத்தில் மழை தாளம் போட, படியோரம் பவளம் வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. பாலகுரு மைக்கை எடுத்தான்.

“வழக்கப்படி கண்ணால பாத்ததை மட்டும் சொல்றேன். காலையில ஒரு டீச்சர் மேல எனக்கு அவ்வளவு கோபம். மழையில அவங்க திரும்பிப் பாத்தாங்க. கோபத்தைக் காணோம். எங்க தேடியும் கிடைக்கல. அப்புறம் காலி வட்டத்துல தனியா நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க. அந்த நிமிஷம்... இவங்க இனிமே எங்கேயும் தனியா நிக்கக் கூடாதுன்னு தோணிச்சு. அல்லி, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப.”

அல்லி அவனிடமிருந்து மைக்கை வாங்கினாள். கண்கள் நிறைந்திருந்தன. மழைதான் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் மேலே கூரை இருந்தது.

“ஏழாம் நம்பர் குதிரைக்காரர்... கண்ணு தெளிவா இருக்கு. மனசு அதைவிடத் தெளிவா இருக்கு. ஆனா...”

அவன் முகம் வாடியது.

“ஆனான்னா... என்னங்க?”

“மைக் வேலை செய்யலைங்க. இன்னொரு தடவை சொல்லணும்.”

அவன் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வந்து, மைக் இல்லாமலே சொன்னான். அவளுக்கு முதல் தடவையே எல்லாம் கேட்டிருந்தது. இருந்தாலும், “எனக்கும்தான்” என்று அவள் இப்போதுதான் சொன்னாள்.