ஆணியில் மாட்டிய சாவி

காலை ஏழு மணிக்குச் சாவி காணாமல் போனது. பத்து மணிக்குள் கிடைக்காவிட்டால் பட்டாசு என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணுக்கு வீடும் போய்விடும்.

போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகள் தங்கும் அந்த விடுதியில் அவள் மூன்று வருடமாக இருக்கிறாள். வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்பதால் அந்தப் பெயர். பதினெட்டு முடிந்தாயிற்று, இன்று முதல் அவளுக்கென்று வெளியே வாடகைக்கு ஒரு தனி அறை. வீட்டுக்காரம்மா முந்தின நாளே சாவியைக் கொடுத்து ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள்: "சாவியத் தொலைக்கிற பொண்ணுக்கு என் வீடு கிடையாது. நாளைக்குப் பத்து மணிக்குச் சாவியோட வா, கையெழுத்துப் போட்டுக்கலாம்."

இப்போது பட்டாசு ஈரத் தலையோடு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பையைத் தோளில் மாட்டியபடி படுக்கையறை நடுவில் நின்றாள்.

"ஆணியில மாட்டிட்டுக் குளிக்கப் போனேன் அக்கா. வந்து பாத்தா இல்ல."

வார்டன் அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். முன்னாள் போலீஸ்காரி. ஜன்னலில் கம்பி. வாசல் கதவு இன்னும் திறக்கவில்லை. வெளியாள் யாரும் வர வழியில்லை.

அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அந்தத் தனி அறைக்கு அடுத்த ஆளாகக் காத்திருந்த நெட்டை. இந்த வாரம்தான் வந்து சேர்ந்த புதுசு. இருவரும் கட்டிலை விட்டு இறங்கியிருந்தார்களே தவிர, இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. இருக்கும் ஒரே குளியலறையில் பட்டாசு இருந்தாள்.

"நெட்டை, நீ எடுத்தியா?"

"இல்ல. பொறாமையான்னு கேளுங்க, ஆமாம்பேன். நேத்து எனக்குச் சாப்பாடே இறங்கல. ஆனா எடுக்கல."

"புதுசு?"

"தூங்கிட்டு இருந்தேன் அக்கா."

கதவருகில் நின்ற கவுன்சலர் தானாகவே வாய் திறந்தாள். "இவங்கள எழுப்ப நான் உள்ள வந்தேன். அப்பவே ஆணி காலியா இருந்துச்சு."

"நீங்களும் வந்தீங்களா?" என்றாள் வார்டன். குரலில் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம் இருந்தது.

இருக்காதா பின்னே? பட்டாசுக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய உட்கார்ந்தவள் வார்டன். ஆனால் ஆறு மாதம் முன்பு வந்த இந்தக் கவுன்சலரிடம்தான் பட்டாசு மனசைக் கொட்டுகிறாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. அந்தச் சாத்திய கதவைக் கடக்கும்போதெல்லாம் வார்டனுக்கு வயிறு எரியும். இவளே எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்து, நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

விடுதி வழக்கப்படி ஒருவர் உடைமையை இன்னொருவர் தொடக்கூடாது. அவரவர் பொருளை அவரவரே எல்லார் முன்னாலும் உதறிக் காட்ட வேண்டும். புதுசுதான் முதலில் வந்தாள். கம்பளியை உதறினாள். தயங்காமல் தலையணை உறையையும் உதறினாள். ணங்கென்று சாவி விழுந்தது.

"திருடினா அன்னைக்கே வெளிய. ரூல் ரூல்தான்" என்றாள் நெட்டை.

புதுசு அழவில்லை. "நான் இல்ல" என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்து ஷூவை மாட்டத் தொடங்கினாள். துரத்தப்படுவது அவளுக்குப் பழகியிருந்தது.

வார்டன் சாவியை எடுத்தாள். அது கோத்திருந்த சிவப்புத் துணி நாடாவை விரலால் நீவினாள். பிறகு விரலை உடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஷூவக் கழட்டு. யாரும் எங்கயும் போகல. நீங்க ரெண்டு பேரும் போய் முகம் கழுவிட்டுச் சாப்பிடுங்க."

அவர்கள் போனதும், கவுன்சலரை உள்ளே நிறுத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பட்டாசு, நீ எதையாவது வெளிய வச்சிட்டுக் குளிச்சு நான் பாத்ததே இல்ல. தெருவுல படுத்த பிள்ளைங்க யாரும் அப்படிக் குளிக்காது. பழைய பையையே பிளாஸ்டிக்ல சுத்தி உள்ள கொண்டுபோனவ, வீட்டுச் சாவிய மட்டும் ஆணியில மாட்டிட்டுப் போனியாக்கும்?"

பட்டாசு வெடிக்கவில்லை.

"நாடா ஈரமா இருக்கு. இன்னைக்குத் தண்ணியில நனைஞ்சது நீ ஒருத்திதான். கழுத்துல போட்டுக்கிட்டே குளிச்சிருக்க. வந்து அவ தலையணையில செருகியிருக்க. ஏன்?"

"அவ போத்திக்கிறது என் கம்பளி" என்றாள் பட்டாசு. "நான் இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள தோய்ச்சு அவளுக்குப் போத்தி விடுறீங்க. தலை வாரி விடுறீங்க. எனக்கு வாரி விட்டு எவ்வளவு நாளாச்சு?"

 மனசைப் படிக்கிறவள் சொல்லட்டும் என்று வார்டன் கவுன்சலரைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமா?" என்று கவுன்சலர் பட்டாசிடம் கேட்டாள். அவள் தலையாட்டினாள்.

"இவ என் ரூம்ல வந்து பேசுறதெல்லாம் உங்களப் பத்தித்தான் அக்கா. இங்கிருந்து போயிட்டா நீங்க இவள மறந்துடுவீங்களோன்னு பயம். கேட்டுக் கேட்டு எனக்கே உங்க மேல பொறாமை வந்துடுச்சு."

 ஆறு மாத வயிற்றெரிச்சலும் வீண் என்று வார்டனுக்கு இப்போது தெரிந்தது. ஆனாலும் சாப்பாட்டு அறையில் ஒரு பெண் காத்திருந்தாள்.

"புதுசுகிட்ட நீயே போய்ச் சொல்லு. உனக்காக நான் சொல்லமாட்டேன். அப்புறம், ரூல் ரூல்தான். இன்னைக்கே வெளிய போற. பத்து மணிக்கு."

பட்டாசு போய்ச் சொன்னாள். நெட்டைக்கு நாக்கு நுனிவரை ஏதோ வந்தது. வார்டன் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டாள். புதுசு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் இருக்கலாமா?"

"இரு" என்றாள் பட்டாசு. "கம்பளியையும் நீயே வச்சுக்கோ."

பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா சாவியை வாங்கிப் பார்த்தாள். "என்னம்மா, நாடா ஈரமா இருக்கு?"

பட்டாசு வார்டனைப் பார்த்தாள்.

"குளிக்கும்போதும் கழட்டமாட்டா" என்றாள் வார்டன்.

"இப்படிப்பட்ட பொண்ணுதான் எனக்கு வேணும்" என்று வீட்டுக்காரம்மா பேனாவை நீட்டினாள்.

கையெழுத்தானதும் இருவரும் அறைக்குப் போனார்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. பட்டாசு சாவியை அதில் மாட்டினாள். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டிவிட்டு, வார்டனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.