காலி டிஸ்க்

"புதுசுன்னா, அதுல முன்னாடி யாரும் பேசியிருக்க மாட்டாங்க, இல்ல?"

லஃபயேலே பெரியப்பா என்னிடம் அப்படித்தான் கேட்டார். அவருடைய மீன்பிடி அலுவலக வாசலில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கையில் உறை பிரிக்காத புது டிஸ்க். பிஸ்கட் பாக்கெட்டைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார்.

"இருக்க மாட்டாங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அலுவலகம் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கு. பாதி தரையிலும் பாதி தண்ணீருக்கு மேலுமாக நிற்கும். பலகைச் சந்து வழியே கீழே கடல் அசைவது தெரியும். கொப்பரை ஏற்றுவதை நிறுத்தி எவ்வளவோ காலமாகியும் அந்தச் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை மட்டும் போகவில்லை. சன்னல் ஓரம் மேசை, மேசையில் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ரேடியோ. கடலில் இருந்து படகுக்காரன் கூப்பிட்டால் ரேடியோவில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவன் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும் வரை எரியும். விட்டால் அணையும். ரேடியோவின் பின்னாலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குள் போகிறது. வருகிற பேச்சும் போகிற பேச்சும் அங்கே ஒரு தனி டிஸ்க்கில் பதிவாகும்.

என் அண்ணன் மலாகி பேசியிருந்தால் அதுவும்.

பேசவே இல்லை என்றுதான் பெரியப்பா சொன்னார். அவர்தான் எங்கள் தேவாலயத்து டீக்கன். தேவாலயத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் வேதப்புத்தகத்தோடு நின்று சொன்னார். மலாகி குடித்திருந்தானாம். கேட்காமல் அவருடைய லுபே படகை எடுத்துக்கொண்டு போனானாம். ஒரு தரம்கூட ரேடியோவில் கூப்பிடவில்லையாம். ஊரே தலையாட்டியது. மலாகிக்கு பீர் வாடை பட்டாலே குமட்டும் என்பது அந்த ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஆட்டியது. லுபே கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

மறுநாள் காலை ஊர்ச்சபை கூடுகிறது. டீக்கன் சொன்னதுதான் உண்மை என்று முடிவானால் அதற்குத் தண்டனையாக நாங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும். வீடு, பன்றிகள், டாரோக்கிழங்குத் தோட்டம், வீட்டு வாசலில் அம்மா சிமெண்டால் கட்டி வெள்ளையடித்த கல்லறை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு. அந்தக் கல்லறைக்குள் யாரும் இல்லை. அம்மா தினமும் அதன் மேல் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அழிச்சா போதாதா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அழிச்சத ஆப்பியா டவுன் போலீஸ்காரன் திரும்ப எடுத்துடுவானாம். பழச கழட்டி என் கையில குடு. புதுச மாட்டு."

அவர் மனைவி மத்தலேனா பெரியம்மா கொக்கோவை மேசையில் வைத்தாள். "இவளையா கூட்டிட்டு வந்தீங்க? வாயில கொழுக்கட்டையோட பொறந்தவளாச்சே."

"அதனாலதான் கூட்டிட்டு வந்தேன்" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்தார். "ஒழுங்கா செஞ்சிட்டுப் போ, பெனினா. நாளைக்கு உங்கம்மாவுக்காக சபைல நானே ஒரு வார்த்த சொல்றேன்."

கொக்கோவை நான் தொடவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆப்பியாவில் சித்தியின் கடையில் கம்ப்யூட்டர் வேலை பழகியபோது சித்தி ஒன்று சொல்வாள், கோபமாக இருக்கும்போது திருப்புளியைத் தொடாதே என்று. அன்று தொட்டேன். அவ்வளவு கோபம்.

மின்சாரத்தைப் பிடுங்கினேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே உப்புக்காற்றில் திருகுகளெல்லாம் துருவேறி, மூலையில் இரண்டு பல்லி முட்டை. வெறும் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் பழைய டிஸ்க்கின் இரண்டு கம்பிகளையும் உருவினேன். கனமாக இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

ஒரு நொடி அதை மார்போடு பிடித்தேன்.

"குடு" என்றார்.

வாசற்படியில் வைத்து, ஐஸ் உடைக்கும் சுத்தியலால் அடித்தார். தகடு நெளிந்தது. உள்ளே கண்ணாடி போல எதுவோ நொறுங்கியது. அடித்துக்கொண்டே இருந்தார். தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும்போது அவர் நெற்றியில் வேர்க்குமே, அதே வேர்வை. துண்டுகளைச் சேர்த்துப் பலகைச் சந்து வழியே கடலில் போட்டார். ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது.

புதியதைப் பொருத்தினேன். இது வேறு வகை. உள்ளே சுற்றுகிற தகடோ ஓடுகிற ஊசியோ கிடையாது. சத்தமே போடாது, போடவும் முடியாது. கம்பிகளைச் செருகி, மின்சாரம் கொடுத்தேன். திரையில் புது டிஸ்க் கறுப்புப் பட்டையாக வந்தது. யாருக்கும் ஒதுக்கப்படாத இடம் என்று காட்டியது.

"முழுசா துடைச்சுத் தயார் பண்ணு. கடைசி மூல வரைக்கும்" என்றார்.

பண்ணினேன். கறுப்புப் பட்டை நீலமானது. பெயர் கேட்டது. 'புதுசு' என்று அடிக்கச் சொன்னார். அடித்தேன். மொத்த இடமும் காலி. பதிவு செய்யும் புரோகிராமோடு இந்த டிஸ்க்கை நான் இன்னும் இணைக்கக்கூட இல்லை.

அப்போது சங்கு ஊதினார்கள்.

சா என்று நாங்கள் சொல்லும் மாலை ஜெப நேரம். சங்கு ஊதிவிட்டால் ஊரில் யாரும் நடக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் ஜெபம். இடுப்பில் லாவாலாவா வேட்டி கட்டிய இளவட்டங்கள் சாலை நெடுக நின்று காவல் காப்பார்கள். பெரியப்பா எப்போதும் போல ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். கம்ப்யூட்டர் திரையையும் அணைத்தார். அவர்கள் குடியிருக்கும் பக்கத்து அறையில் பாயில் உட்கார்ந்தோம். பெரியம்மா பாட ஆரம்பித்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

டிக்.

பெரியம்மா பாடிக்கொண்டிருந்தாள். நான் தலையைத் தூக்கினேன்.

டிக். டிக்.

மேசைப் பக்கமிருந்து வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. அணைத்த திரை எரிந்துகொண்டிருந்தது. காலி இடத்தைக் காட்டும் எண் இறங்கியது. இன்னும் இறங்கியது.

யாரோ உள்ளே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கொப்பரை வாடை போய், ஈரக் கயிற்று வாடை அடித்தது. கூடவே டீசல்.

"என்ன பண்ணி வச்ச?" என்று பெரியப்பா என் காதில் கிசுகிசுத்தார்.

"காலியாத்தான் வச்சேன்."

ஸ்பீக்கர் கரகரத்தது. மரத்தில் தண்ணீர் மோதும் சத்தம். பிறகு அந்தக் குரல். எத்தனையோ நாளாக அம்மா கல்லறை மேல் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்த குரல்.

"லுபே பேசுறேன். பெரியப்பா, எடுங்க. இஞ்சின் நின்னுபோச்சு. அன்னைக்கே சொன்னேன்ல, இந்த இஞ்சின் வேணாம், அனுப்பாதீங்கன்னு. தண்ணி ஏறுது பெரியப்பா."

அந்தக் குரலுக்குப் பின்னால், மெலிதாக, ஒரு பெண் பாடுவது கேட்டது.

பெரியம்மா பாட்டை நிறுத்தினாள்.

ஸ்பீக்கரில் பாட்டு நிற்கவில்லை. அதே பாட்டு. அவளுடைய குரல்.

பிறகு மிகப் பக்கத்தில், அடக்கமாக, பெரியப்பாவின் குரல் கேட்டது. "சங்கு ஊதுனது காதுல விழலயா? டீக்கன் வீட்டுல ஜெப நேரத்துல ரேடியோ அலறினா ஊரு என்ன சொல்லும்? ஜெபம் முடியட்டும். அப்புறம் கூப்பிடு."

குமிழ் திருகும் சத்தம்.

பெரியம்மா மெதுவாக அவரைப் பார்த்தாள். "அன்னிக்கு நடு ஜெபத்துல எந்திரிச்சுப் போனீங்க. பூனைய விரட்டப் போனேன்னீங்களே."

அவர் எழுந்து ஓடி மின்கம்பியைப் பிடுங்கினார். பெட்டியின் விசிறி நின்றது. திரை இருண்டது.

குரல் நிற்கவில்லை.

"பெரியப்பா. எடுங்க. பெரியப்பா." குமிழை அவர் திருகிய பிறகும் யாரும் கேட்காத அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கெஞ்சினான். அம்மா பெயரைச் சொன்னான். என் பெயரைச் சொன்னான். பிறகு கெஞ்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல ஆனது.

பிறகு அமைதி.

பெரியப்பா மூச்சு விட்டார்.

"முடிஞ்சுதா?"

இப்போது அந்தக் குரலில் தண்ணீர் இல்லை. கெஞ்சலும் இல்லை. மலாகி ஒரே ஒரு தடவைதான் எனக்கு முன்னால் கோபப்பட்டிருக்கிறான், பள்ளிக்கூடத்தில் என்னைப் பிரம்பால் அடித்த வாத்தியாரிடம். அப்போதும் கத்தவில்லை. இப்படித்தான், தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"ஜெபம் முடிஞ்சுதா பெரியப்பா? இப்ப கூப்பிடலாமா?"

ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பெரியப்பா ரேடியோவின் பேட்டரிக் கம்பியை அறுத்தெடுத்தார். விளக்கு எரிந்தது. கையால் பொத்தினார். விரல் சந்துகளில் சிவப்பு தெரிந்தது.

"ஆமென் சொல்லிட்டீங்களா?"

நான் எழுந்து நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் திறந்தது. சா நேரத்தில் யாரும் கத்தக் கூடாது. நான் கத்தினேன்.

"பதில் சொல்லுங்க! எங்கண்ணன் கேக்குறான்ல, பதில் சொல்லுங்க!"

சன்னலுக்கு வெளியே லாவாலாவா கட்டிய இளவட்டங்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். காவல் நின்ற இடத்தை விட்டு எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. அவர்களில் மூத்தவன் சன்னல் கட்டையில் கை வைத்திருந்தான். முன்பெல்லாம் மலாகியோடு ஒரே படகில் மீன் பிடிக்கப் போனவன்.

"எல்லாம் கேட்டுச்சு" என்று என்னிடம் சொன்னான். "நாளைக்குச் சபைல நாங்க சொல்றோம். உங்கம்மாவ எங்கயும் போக வேணாம்னு சொல்லு."

பெரியம்மா வேதப்புத்தகத்தை மூடி, பாயை விட்டு நகர்ந்து, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"பெரியப்பா" என்று கூப்பிட்டது ரேடியோ. "லுபே பேசுறேன்."

கை தானாக நீள்வது போல அவர் மைக்கை எடுத்தார். வாயருகே கொண்டுபோனார். உதடு அசைந்தது. பொத்தானை அழுத்தாமலே திரும்ப வைத்தார்.

ஜெபம் முடிந்ததைச் சொல்லும் மறு சங்கு இன்னும் ஊதவில்லை. யாரும் நடக்கக் கூடாத நேரம். அவர் வாசற்படி இறங்கி, இளவட்டங்களின் வரிசை வழியே, படகுத்துறைப் பக்கமாக நடந்தார். ஒருவரும் தடுக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த விளக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் திரும்பி நடந்துபோனார்.