இறக்கி வைத்த ஒல்லிப் புத்தகம்

"மேடம், இது ஹெலிகாப்டர்... கப்பல் இல்ல. அஞ்சு கிலோ வரைக்கும்தான் சலேகா, அதுக்கு மேல விட முடியாது."

சுபிதாவுக்குச் சுருக்கென்றது. கடல் சரியில்லை என்று ஹட் பே தீவுக்குப் போகிற கப்பலை நிறுத்திவிட்டார்கள். போர்ட் பிளேர் முழுக்க அலைந்து இந்த ஒரு சீட்டை வாங்கியிருந்தாள். இப்போது எடை மெஷினுக்குப் பின்னால் நிற்கிற இவன் வேறு!

"எல்லாம் புக்ஸ் சார். படிக்கிறதுக்கு..."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் மேடம். ஆகாசத்துல போனா நிறுத்துத்தான் போகணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சட்டையில் டெர்வின் என்று பெயர் குத்தியிருந்தது. பேரைப் பார், பேச்சைப் பார்... அவள் பையைத் திறந்து நான்கு புத்தகங்களையும் மேஜைமேல் தொப்பென்று வைத்தாள்.

பெரிய புத்தகம் தானாகவே நடுவில் விரிந்துகொண்டது. பக்கம் முழுக்க ஒரு மண்டையோடு... எலும்புக்கு ஒரு வண்ணமாகப் பிரித்து வரைந்திருந்தார்கள். எலும்பும் எலும்பும் சேருகிற இடமெல்லாம் நெளிநெளியாக, நூல் வைத்துத் தைத்த மாதிரி கோடு.

டெர்வின் பேச்சை மறந்துபோனான்.

"இத்தனை துண்டா? நான் ஒரே எலும்புன்னுல்ல நினைச்சேன்..."

"முகத்தோட சேர்த்து இருபத்திரண்டு" என்றாள் விறைப்பாக.

அவன் கை மெல்ல மேலே போய்த் தன் உச்சந்தலையைத் தடவியது. பின்னால் நின்ற பெரியவரும் தன் வழுக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுபிதாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அவன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறை கடலைப் பார்க்கிற குழந்தையின் கண்கள்... இந்தப் பக்கத்தை முதலில் திறந்தபோது தானும் இப்படித்தானே நின்றோம்?

"இது என்ன படிப்பு மேடம்?"

"கிரேனியல் ஆஸ்டியோபதி. தலையை விரல் நுனியால மெதுவா தொட்டு, வலிக்கு வைத்தியம் பார்க்கிறது. ஹட் பேயில பிசியோதெரபிஸ்டா இருக்கேன். இதைத் தனியா படிக்கிறேன்."

"அப்ப இந்தப் படம் போட்ட புக்கை விடாதீங்க. மத்தது இங்க இருக்கட்டும். ஹட் பே போறவங்க கையில ஒவ்வொண்ணா குடுத்து விடுறேன், பக்கா." பெரிய புத்தகத்தை மெஷினில் வைத்தவன், ஒல்லிப் புத்தகத்தையும் எடுத்தான். "இதுக்கும் இடம் இருக்கே?"

"அது வேணாம்."

"ஏன்?"

"அது... இதெல்லாம் நிஜமான்னு கேள்வி கேட்கிற புக்."

"பயமா?"

"எனக்கென்ன பயம்!"

பயம்தான். ஒருநாள் தலைவலியில் துடித்த அம்மா ஆரோக்கியசெல்வியின் தலையை அவள் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டிருந்தாள். ஏந்தியது ஏந்தியபடி இருக்க, அம்மா குழந்தை மாதிரி தூங்கிப்போனாள். அன்று கைக்குள் ஏதோ அசைந்தது போலிருந்ததே... அதுதான் அவளை இந்தப் படிப்புக்கே இழுத்து வந்தது. துணிச்சலில் அந்த ஒல்லிப் புத்தகத்தையும் ஆர்டர் செய்தாள், கைக்கு வந்ததும் துணிச்சல் போய்விட்டது. அதைப் படித்து அன்றைய அதிசயம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்?

டெர்வின் சொன்ன சொல் தவறவில்லை. நரம்புப் புத்தகம் ஹட் பேக்கு ஒரு வாத்தியார் கையில் வந்தது. விரல் பயிற்சிப் புத்தகத்தை நர்ஸ் சந்திரமதி கொண்டுவந்தாள். "ஈரம் படாமக் குடுக்கணும்னு நூறு தடவை சொன்னாரும்மா அந்தத் தம்பி!"

"இன்னொண்ணு?"

"அதை அவரே படிக்கிறாராம்."

சுபிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப்போகிறான்! போன் நம்பர் விசாரிக்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும்போதும் கால்கள் வாசலுக்கு ஓடின... புத்தகத்துக்காகத்தான், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கடல் அடங்கிய பிறகு, புத்தகம் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்த அன்று போர்ட் பிளேரில் கொட்டோ கொட்டென்று மழை. ஹெலிகாப்டர்கள் எழும்பவில்லை. ஆளில்லாத ஹாலில் டெர்வின் உட்கார்ந்திருந்தான், மடியில் ஒல்லிப் புத்தகம்.

"என் புக்கைக் குடுங்க. சிரிச்சு முடிச்சாச்சா?"

அவன் பதறி எழுந்தான். "சிரிக்கலைங்க. டிக்ஷனரி வச்சுப் படிச்சேன். தலை எலும்பு அசையுதுங்கிறதுக்கு ஆதாரம் பத்தலைன்னு போட்டிருக்கு..."

அவள் முகம் வாடிவிட்டது. "அதான் தெரியுமே."

"முழுசா கேளுங்க. கை வச்சா மனசு ஆறாதுன்னு ஒரு இடத்துலயும் போடல. நான் தேடித் தேடிப் பார்த்தேன்."

சுபிதா திகைத்துப்போனாள். தனக்கு வந்த பயத்துக்கு இவன் போய் விடை தேடியிருக்கிறானா?

"உட்காருங்க" என்றாள்.

நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவன் தலையின் இரு பக்கமும் விரல் நுனிகளை வைத்தாள். வெளியே மழை... உள்ளே அவன் மூச்சு மட்டும். எலும்பு எதுவும் அசையவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இப்போது பயமாக இல்லை. இத்தனை கனவும் இத்தனை நினைப்பும் உள்ள ஒரு மனிதத் தலை, நம்பித் தன் கைக்குள் சாய்ந்திருக்கிறது... அம்மா தூங்கிய அன்றும் இதுதானே நடந்தது! இதற்கு மேல் என்ன அதிசயம் வேண்டும் என்று அவள் கண்கள் நிறைந்தன.

நெற்றிப்பொட்டில், அவள் விரலுக்குக் கீழே மட்டும் ஏதோ படபடவென்று ஓடியது.

"எலும்பு அசையுதா?" என்றான், கண் மூடியபடி.

"இல்ல. இது நாடி. எதுக்கு இப்படி ஓடுது?"

"நீங்க புக்கைத் தொப்புன்னு வச்ச அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. இன்னும் நிக்கல..." குரல் இறங்கியது. "மத்த புக்கெல்லாம் அனுப்பினேன். இதையும் அனுப்பிட்டா, நீங்க வர மாட்டீங்களேன்னு..."

சுபிதா கையை எடுக்கவில்லை. அவன் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"அதைத் திருப்பித் தர வேணாம், டெர்வின். உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவன் கண் திறந்து நிமிர்ந்தான். "அப்ப... வர மாட்டீங்களா?"

"அதைக் கேட்டுத்தானே நான் திரும்பத் திரும்ப வரணும்?"