மாற்று வால்வு

“அப்பா, நாம பேசறது ரேடியோவுக்குள்ள இருக்கறவங்களுக்குக் கேக்குமா?” என்று மகள் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை கேட்டாள். “கேக்காதும்மா. அவங்க பேசுவாங்க, நாம கேப்போம். அவ்வளவுதான்,” என்று சிரித்தார் அவர். மகள் மணமாகிப் போய்விட்டாள். வீட்டில் இப்போது ரேடியோ மெக்கானிக்கான அவரும், பக்கவாதத்தில் பேச்சிழந்து பின்னறையில் படுத்திருக்கும் அவருடைய அக்காவும்தான்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. முன்பெல்லாம் தன் தட்டில் பாதியை அவருக்கு ஒதுக்குகிறவள், இப்போது ஊட்டுகிற கரண்டியைப் பல்லால் கவ்வி இழுத்தாள். மாலையில் அவர் கட்டிலருகே அமர்ந்து பிரார்த்தனை சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் முதுகு காட்டி நடக்கும்போது மட்டும் அந்தக் கண்கள் தன்னைத் தொடர்வதை அலமாரிக் கண்ணாடியில் பார்த்தார். நோயாளியைச் சந்தேகப்படுவது பாவம் என்று தன்னையே கடிந்துகொண்டார். அவளுக்குப் பிரியமான பழைய மர ரேடியோவைப் பாட வைத்துவிட்டால் பழைய அக்கா திரும்பி வந்துவிடுவாள். அதை மட்டும் நம்பினார்.

ஒரே ஒரு வால்வுதான் குறை. ஒலியை முதலில் வாங்கிப் பெரிதாக்குகிற கண்ணாடிக் குழல். அந்த நம்பர் எங்கும் கிடைக்கவில்லை.

“அண்ணே, உங்க ரேடியோவுக்கு வால்வு தேடியே என் நெஞ்சு வால்வு போயிடும்போல,” என்றபடி பழைய சாமான் கடைக்காரர் ஒரு துணிச்சுருளைப் பிரித்தார். “இது மாற்று. காலெல்லாம் கச்சிதமா உக்காரும். உள்ளதான் கொஞ்சம் லொடலொடங்குது.”

“எவ்வளவு?”

“ஒண்ணும் வேணாம்.”

ஒரு திருகாணியைக்கூடச் சும்மா தராத மனிதர். “நீங்களா பேசறது? எதுலேர்ந்து கழட்டினீங்க?”

“அக்காவுக்குத்தானே, கொண்டு போங்கண்ணே.” கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “சத்தம் வந்தா ரொம்ப உத்துக் கேக்காதீங்க.”

அக்காவைப் பார்த்துக்கொள்ளும் பெண் விளக்கேற்றும் நேரத்தில் கிளம்பிப் போனாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வால்வைச் செருகி, சுவிட்சைப் போட்டு, உள்ளிழை மெல்லச் சிவப்பதையும், பல வருஷத் தூசி கருகும் நெடி பழைய வார்னிஷ் வாசனையோடு கலந்து எழுவதையும், ஒலிபெருக்கியில் வண்டு முரல்வதுபோல ஒரு ரீங்காரம் திரள்வதையும் அவர் கவனித்துக்கொண்டிருந்தார். நிலையம் எதுவும் கிடைக்கவில்லை. பென்சிலால் வால்வை மெல்லத் தட்டினார். ஒலிபெருக்கி ‘டங்’ என்றது.

அதில் வியப்பில்லை. உள்ளே கம்பி தளர்ந்த வால்வு மைக் மாதிரி. பக்கத்துச் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். நாற்காலியை நகர்த்தினார், அதுவும் கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம் கேட்டது.

தன்னுடையதுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினார்.

அது நிற்கவில்லை.

ஏதாவது நிலையத்திலிருந்து வருகிறதோ என்று ஏரியல் கம்பியைப் பிடுங்கினார். மூச்சு தொடர்ந்தது. கடைக்காரன் ஏதோ விளையாடுகிறானா? பின்னறைக்குப் போய் எட்டிப் பார்த்தார். கட்டிலில் இருந்தது நீளமான, ஈரமான மூச்சு. இது அதுவல்ல. இது அவசரமாக, ஓடி வந்து நிற்பவருடையதுபோல இருந்தது.

திரும்பி வந்தார். சத்தம் கூடியிருந்தது. இந்த வால்வுக்கு ஒரு முழத்துக்கு மேல் எட்டாது. அப்படியானால் யாரோ இந்த மேஜைமேல் குனிந்திருக்க வேண்டும். அவர் கன்னத்துக்குப் பக்கத்தில்.

அங்கே யாரும் இல்லை.

“தம்பி.”

அக்காவின் குரல். நடுங்காத, குழறாத பழைய குரல்.

“அக்கா? நீ... நீ உள்ளதானே படுத்திருக்கே?”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து உன் பின்னாலயே வந்தேன்டா. கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், உனக்குக் கேக்கவே இல்ல.” ரீங்காரம் ஏறி இறங்கியது. “என் கட்டில்ல படுத்திருக்கிறது யாரு?”

பின்னறையில் கட்டில் முனகியது.

ஒரு பாதம் தரையில் பட்டது. இன்னொன்று.

“அது என்னைத் தேடுதுடா,” என்றது ஒலிபெருக்கி, மிகச் சிறிய குரலில்.

வாசல் கதவு நாலடியில் இருந்தது. மழையில் ஓடிவிடலாம். கை தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டது. ஆனால் சின்ன வயதில், அம்மா இல்லாத வீட்டில் அப்பாவின் பெல்ட் ஓங்கும்போதெல்லாம், அவரைப் பின்னால் தள்ளிவிட்டுக் குறுக்கே நின்றவள் அக்கா, அப்போது பத்து வயதுச் சிறுமி. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. யாரும் அதைப் பார்த்ததுமில்லை.

அவர் கையை எடுத்தார். திரும்பி வந்து ரேடியோவுக்கு முன்னால் நின்றார்.

பின்னறை வாசற்படியில் அது வந்து நின்றது. அக்காவின் சேலை. அக்காவின் முகம். வாய் திறந்தது. இன்னும் திறந்தது. பற்களுக்குப் பின்னால், இன்னொரு ஜோடி உதடுகள் மெல்ல அசைந்தன.

அவர் விலகவில்லை.