ஆளுக்கொரு நாற்காலி

வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். ஆனால் கையில் பென்சில் வந்துவிட்டால் போதும், சத்தமே இருக்காது. அதனால்தான் தெருக் குழுவுக்குச் சின்னம் வரையும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். மறுநாள் மாலை பலகை எழுதுபவர் வருகிறார்.

குழு கூடுவது சலவைக் கடை மாடியில். அங்கே நாற்காலி கிடையாது. அவரவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டுதான் படியேற வேண்டும்.

"கத்தரிக்கோல் இருக்கணும்," என்றார் தையல்கார அத்தை.

"ரொட்டி இல்லாம சின்னமா?" என்றார் ரொட்டிக்கடை மாமா.

பஸ் ஓட்டும் அக்காவுக்குப் பஸ் வேண்டும். கடல் தாண்டி வந்த சைக்கிள் கடைக்காரர் தன் பாஷையையும் தமிழையும் கலந்து, "சக்கரம், சக்கரம்!" என்றார்.

சில்வண்டு எல்லாவற்றையும் வரைந்தாள். பார்த்தால் பழைய சாமான் கடை மாதிரி இருந்தது.

"கத்தரிக்கோல் ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?"

"ரொட்டி என்ன, எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"என் பஸ் மேல ரொட்டி ஏன் உக்காந்திருக்கு?"

பேச்சு முற்றியது. "இனிமே இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்!" என்று அத்தை விறுவிறுவென இறங்கிப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். இருந்த கோபத்தில் ஒருவருக்கும் நாற்காலி ஞாபகம் இல்லை.

சில்வண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் படத்தாலேயே குழு உடைந்துவிட்டதே!

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அத்தையின் குஷன் வைத்த முக்காலி. மாமாவின் கவிழ்த்துப் போட்ட ரொட்டிப் பெட்டி. அக்காவின் மடக்கு நாற்காலி. சைக்கிள் சீட் பொருத்திய ஸ்டூல். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஆனாலும் எல்லாம் ஒரே வட்டமாகத்தான் போட்டிருந்தன.

அவள் பென்சிலை எடுத்தாள்.

காலையில் நாற்காலியை எடுத்துப்போக ஒவ்வொருவராக வந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"அட, என் முக்காலி! குஷன் கிழிசலைக்கூட விடலையே இவ!" என்றார் அத்தை.

"ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க, அதைத் தைக்க நேரமில்ல," என்றார் மாமா.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பெட்டி ஏன் என் பக்கத்துல இருக்கு?"

"எப்பவும் அங்கதானே உக்காருறேன்? சண்டை போட வசதியா இருக்குமே!"

சைக்கிள் கடைக்காரர் மட்டும் படத்தில் எதையோ தேடினார். "நீ எங்கே?"

"எனக்கு ஏது நாற்காலி? நான் தரையிலதானே உக்காருவேன்," என்றாள் சில்வண்டு.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலையில் அவள் படியேறி வந்தபோது, வட்டத்தில் ஒரு குட்டி நாற்காலி இருந்தது. ரொட்டிப் பெட்டிப் பலகை, சைக்கிள் கடை ஆணி, அத்தை தைத்த புதுக் குஷன். "ஏறுங்க, ஏறுங்க, சீட் காலியா இருக்கு!" என்று பஸ் அக்கா கூவினாள்.

சில்வண்டு உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. பலகை எழுதுபவர் தூரிகையை எடுப்பதற்குள் ஓடிப்போய்ப் படத்திலிருந்த வட்டத்தில் இன்னொரு நாற்காலியை வரைந்தாள்.

அது மட்டும் கொஞ்சம் பெரிசாகவே இருந்தது. இந்த முறை யாரும் சண்டைக்கு வரவில்லை.